எழுபது வளைவும் ஒரு கூட்டாளியும்

கொல்லிமலைக்கு சைக்கிளில் போவதென்றால் தனியாகப் போகாதீர்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். செயினைப் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் வேகம் நடைவேகத்துக்கு இறங்கிவிடும். பேச்சு நன்றாக வருவது அந்த வேகத்தில்தான். மூச்சு வாங்கும்போது அறுந்துபோன பேச்சு, அடுத்த வளைவைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். முன்னால் போகும் நண்பனின் சக்கரத்தையே பார்த்து மிதித்தால் ஏற்றம் பாதியாகத் தெரிகிறது, சத்தியமாக! மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். பலாக் காலமென்றால் சோளக்காடு என்ற ஊரில் சுளை வாங்கிப் பங்குபோட்டுக்கொள்ளலாம்.

இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்கக் கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டுவிட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்னால் போகிறவன் “பஸ் வருதுடா!” என்று கத்துவதற்குக் காது கொடுத்தபடி இறங்க வேண்டும்.