தொடர் நாடகங்களும் பார்க்கும் பெண்களும்

தொலைக்காட்சித் தொடர் நாடகம் பார்க்கும் பெண்களைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அப்பெண்களிடம் பேசியவர்களோ மிகச் சிலர். அச்சிலருடைய ஆய்வு நூல்களே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

'சோப் ஓப்பரா' என்னும் பெயரிலேயே ஏளனம் இருக்கிறது. 1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் வேளையில் ஒலித்த குடும்பக் கதைகளுக்குச் சோப்பு நிறுவனங்கள் பொருள் தந்தன. துணி துவைப்பவள் பெண். சோப்பு வாங்குபவளும் பெண். ஆகவே கதையும் அவளுக்கென்றே புனையப்பட்டது. கதையைப் பழித்த நாக்கு, அதைக் கேட்டவளையும் சேர்த்தே பழித்தது. பெண்ணுரிமை பேசியோரிலும் பலர், இல்லத்தரசியை வீட்டோடு பிணைக்கும் கயிறென்றே இக்கதைகளைக் கருதினர்.

1982-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்று நூல்கள் இவ்வெண்ணத்தை அசைத்தன. அமெரிக்கரான டானியா மாட்லெஸ்கி, முடிவில்லாத இக்கதைகளின் அமைப்பு இல்லத்தரசியின் நாளை ஒத்திருப்பதைக் காட்டினார். இடையறாது குறுக்கிடப்படுவது அவள் வேலை. கதையும் அவ்வாறே துண்டு துண்டாக நகர்கிறது. எல்லாப் பிள்ளைகளின் துயரையும் உணர்ந்து, எவரையும் தள்ளிவிடாத தாயின் இடத்தில் கதை அவளை அமர்த்துகிறது என்பது அவர் கருத்து. நுட்பமான கருத்துத்தான், ஆயினும் அது கதையை ஆராய்ந்து பெற்றதேயன்றி, பார்ப்பவளைக் கேட்டுப் பெற்றதன்று.

அக்குறையை நீக்கியவர் இங்கிலாந்தின் டோரதி ஹாப்சன். 'கிராஸ்ரோட்ஸ்' என்னும் மாலைத் தொடரைப் பெண்களின் வீடுகளுக்கே சென்று அவர்களுடன் அமர்ந்து பார்த்தார். அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளுக்கு உணவூட்டுவதற்கும் இடையே காதால் கேட்டும், வாய்த்தபோது கண்ணால் பார்த்தும் கதையைத் தொடர்ந்த பெண்களை அங்கே கண்டார். வாய் பிளந்து அமர்ந்திருக்கும் சோம்பேறி என்னும் சித்திரம் அங்கே பொய்த்தது.

நெதர்லாந்தின் இயென் ஆங், 'டல்லாஸ்' தொடரைப் பற்றி எழுதுமாறு ஒரு மகளிர் இதழில் விளம்பரம் செய்து 42 கடிதங்கள் பெற்றார். தொடரை வெறுத்தோர் தயக்கமின்றி எழுதினர். விரும்பியோரில் பலரோ தம் விருப்பத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே எழுதினர். மகிழ்ச்சிக்குக்கூட மன்னிப்புக் கோரும் நிலை! 42 கடிதங்கள் ஒரு நாட்டின் குரலாகா. எனினும் அந்தத் தயக்கம் நம் சிந்தனைக்குரியது.

பின்னர் 2000-இல், இங்கிலாந்தின் ஷார்லட் பிரன்ஸ்டன் தம் அணியினரையே கூர்ந்து நோக்கினார். பெண்ணியம் பேசும் அறிஞர், 'நான் அவளைப் போன்றவளல்லள்' என்று இல்லத்தரசியை எதிரே நிறுத்தியே தம்மை அடையாளம் கண்டுகொண்டார் என்று எடுத்துக்காட்டினார்.

பெண் விரும்புகிறாள் என்பதாலேயே ஒரு தொடர் நல்லதாகிவிடாது. அவள் கண்ணீரை விற்றுப் பொருளீட்டும் வணிகமும் மறைந்துவிடாது. ஆனால், ஆடவர் மணிக்கணக்கில் பந்தாட்டம் பார்த்தால் காரணம் கேட்காத நாம், அவளை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறோம்? தொடரைக் கண்டிப்போம், தக்க காரணத்தோடு கண்டிப்போம். ஆனால் அதற்கு முன், நாள் முழுதும் பிறர் தேவைகளுக்காக உழைத்தவள் அந்த அரை மணி நேரத்தில் எதைத் தேடுகிறாள் என்று அவளையே கேட்போம். கேளாமல் வழங்கும் தீர்ப்பு திறனாய்வு ஆகாது.