வேதாளரின் காடு

லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி வேதாளர், 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் மூலம் நம் பையன்கள் கைக்கு வந்தார். சிங்கமும் புலியும் ஒன்றாய்த் திரிவதை நான் குற்றம் சொல்லமாட்டேன். கதை ஓடுகிற வேகத்தில் அதெல்லாம் செரித்துப்போகும். செரிக்காதது வேறு. நானூறு வருஷமாகக் காட்டைக் காக்க ஒரு வெள்ளைக்காரப் பரம்பரை வேண்டியிருக்கிறது! பண்டார் குள்ளர்களின் விஷ அம்புக்குப் பேர் உண்டு. அந்த வித்தை அவர்களுக்கு எப்படிக் கைவந்தது என்பதில் ஆசிரியருக்கு அக்கறையில்லை.

எங்கள் பேச்சிப்பாறை மலையிலும் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். மலைக்கு அந்தண்டை, கேரளத்தில், 1987இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள், அவர்கள் களைத்துத் தடுமாறியபோது தாங்கள் தின்ற காயைக் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். இதைப் படக்கதையாக்க முகமூடி வேண்டாம். புலி வேண்டுமானால் ஓரமாக ஒன்று வரட்டும்.