மைனஸ் பதின்மூன்று புள்ளி ஆறு

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தவரிடம் "மைனஸ் 13.6" என்று சொல்லிப் பாருங்கள். ஹைட்ரஜன் அணு என்ற பதில் உடனே வரும். கூடவே ஒரு சிரிப்பும் வரும். 2015இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் குவாண்டம் ஆய்வகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை சி, சி++ அல்லது சைலாபில் தீர்த்து அணுவின் அடிநிலை ஆற்றலைக் கண்டுபிடிக்க வேண்டும். மாறிலிகளையெல்லாம் கொடுத்துவிட்டு, விடை ஏறத்தாழ −13.6 எலக்ட்ரான் வோல்ட், நினைவிருக்கட்டும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. அடுத்த கணக்கில் அதே அணு, ஆனால் கூலூம் விசை திரையிடப்பட்டது. அதற்குக் கையால் போட்டெடுக்கும் விடை கிடையாது. அங்கேயும் "−12க்கு மேலே இருக்கும்" என்று ஒரு கைகாட்டி நட்டிருக்கிறார்கள்.

எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விடை தெரிந்த கணக்கில் நிரலைச் சோதித்துவிட்டுத் தெரியாத கணக்குக்கு அதை எடுத்துப்போவதுதான் கணினி இயற்பியலின் ஒழுக்கம். ஆய்வகத்தில் நடப்பது வேறு. −13.2 வந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நிரல் கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையிலான கட்ட இடைவெளியைக் குறைக்கிறார்கள், எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார்கள். −13.6 விழுந்ததும் பிரிண்ட் எடுத்து ஆய்வக ஃபைலில் சேர்க்கிறார்கள். இடைவெளியைக் குறைத்ததும் விடை ஏன் நகர்ந்தது என்பதுதான் பாடம். ஃபைலில் அந்தப் பக்கம் மட்டும் இருக்காது. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பாடத்திட்டம் என்பதால் சீனியரின் ஃபைல் ஜூனியருக்கு அப்படியே பொருந்தும். ஒருமுறை வைவாவுக்குப் போன இடத்தில், "இடைவெளியை இரு மடங்காக்கினால் என்ன வரும்?" என்று கேட்டேன். "சார், அது சிலபஸில் இல்லை" என்றார் பையன். அவர் சொன்னது உண்மைதான்.

இலங்கையில் கதை வேறு மாதிரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாடத்தை அந்தந்தத் துறையே எழுதுகிறது, மூதவை (செனட்) ஏற்கிறது. படிப்பிக்கிற விரிவுரையாளரே ஒப்படையும் கொடுத்து வினாத்தாளும் எழுதுகிறார். இந்த வருடம் ஹைட்ரஜன் வேண்டாம், ஊஞ்சல் போதும் என்று அவர் நினைத்தால் மாற்றிவிடலாம். தில்லியில் பாடத்திட்டத்தைத் திருத்த ஒரு குழு கூட வேண்டும். இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலையும் உண்டு: பாடம் ஓர் ஆளின் தோளில் நிற்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் வெளிநாடு போனபோது அவர்கள் கட்டிய பாடங்களும் ஆட்டம் கண்டன. தில்லியில் ஆசிரியர் போனாலும் ஃபைல் போகாது.

மொழி விஷயத்தில் இலங்கை மாணவருக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. பள்ளியின் உயர்தரம் வரை பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் தமிழில் படித்தவர், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கும் பைதனுக்கும் ஒரே நேரத்தில் மாறுகிறார். தில்லியில் இந்தி வழியில் படித்து வருகிறவருக்கும் இதே அவதிதான், ஆனால் பாடத்திட்டம் அவரை நினைத்து எழுதப்பட்டதில்லை. தமிழிலேயே கலைச்சொற்களும் வேறு: நாம் முடுக்கம் என்பது இலங்கையில் ஆர்முடுகல். நம் ஆற்றல் அங்கே சக்தி. நம் தனிச்சீரிசை இயக்கம் அங்கே எளிமை இசை இயக்கம்.

பெயர் எதுவானாலும் அந்த இயக்கத்தை, பழைய வேகத்தை வைத்தே அடுத்த இடத்தைக் கணக்கிடும் ஆய்லர் முறையில் நிரலாக்கினால் இரண்டு ஊரிலும் ஒரே விபத்துதான். நிறை 1, சுருள்வில் மாறிலி 1, காலப்படி 0.1 என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் மொத்த ஆற்றல் 1.01 மடங்காகிறது. 100 படியில், அதாவது சுருள்வில் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் ஆடுவதற்குள், ஆற்றல் 2.7 மடங்கு. யாரும் தள்ளாத ஊஞ்சல் தானே உயர உயரப் போவது போல! புதிய வேகத்தை முதலில் கணக்கிட்டு, அதை வைத்தே இடத்தை நகர்த்தினால் போதும். ஒரு வரிதான் இடம் மாறுகிறது, ஆற்றல் கட்டுக்குள் நிற்கிறது. இணைந்த கணிதத்தில் சக்திக் காப்பைக் கையால் போட்டுப் போட்டுத் தேய்ந்த யாழ்ப்பாண மாணவர் இந்தத் தவறைச் சட்டென்று முகர்ந்துவிடுவார் என்பது என் அனுமானம். தில்லி மாணவர் வரைபடத்தை அழகாக வண்ணமிடுவார்.

இரண்டு நாட்டுக்கும் கணினி இயற்பியலில் முன்னோர் உண்டு. இலங்கைக் கணினித் துறையின் தந்தை எனப்படும் வி. கே. சமரநாயக்க, லண்டனில் பையான்–நியூக்ளியான் பிணைப்பு மாறிலியைக் கணக்கிட்டவர். கணினிக்கு அவர் வந்த வழி இயற்பியல்தான். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில், 864 ஆர்கான் அணுக்களை சிடிசி 3600 கணினியில் ஓடவிட்டுத் திரவத்தைப் படைத்துக் காட்டினார். கணினி இயற்பியலுக்கு அமெரிக்க இயற்பியல் சங்கம் தரும் பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. தில்லி ஆய்வகங்களில் அந்தப் பெயர் என் காதில் விழுந்தது அபூர்வம்.

அந்த 1964 ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலேயே ரஹ்மான் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: தன் கணக்கில் வந்த விரவல் மாறிலி சோதனை மதிப்பைவிட 15 சதவீதம் குறைவு. படியைத் திருகி அதைச் சரிக்கட்டவில்லை. நம் வைவாவில் நின்றிருந்தால் அவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று யோசிப்பதுண்டு.

தில்லியில் இந்த ஆய்வகத்தை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பருவத்தில் கேள்வியை அச்சடிக்கும்போது அந்த −13.6ஐ எடுத்துவிடுங்கள். வந்த எண்ணை எத்தனை இலக்கம் வரை நம்பலாம், ஏன் என்று மாணவர் எழுதும் இரண்டு வரிக்குப் பாதி மதிப்பெண் வையுங்கள்.