ஆங்கிலத்தின் தாராளம்

ஆங்கிலம் கண்ட பாஷைகளிலிருந்தெல்லாம் சொற்களை வாங்கிக்கொண்டு வளர்ந்தது, தமிழ் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது தனித்தமிழை மறுக்க நம் எழுத்தாளர்கள் வழக்கமாக எடுக்கும் வாதம். முடிவோடு எனக்குச் சண்டையில்லை. காட்டும் சான்றுதான் தவறு. ஆங்கிலத்தின் சரித்திரத்தில் நாம் தாராளம் என்று நினைப்பது பெரும்பாலும் நிர்ப்பந்தம்.

5ஆம் நூற்றாண்டில் வடகடல் தாண்டி வந்து குடியேறிய ஆங்கிள், சாக்ஸன் முதலிய ஜெர்மானிய இனத்தாரின் பேச்சு அது. வேற்றுமை உருபுகள் உள்ள பாஷை. எனவே தமிழைப் போலச் சொற்களை வாக்கியத்தில் இடம் மாற்றிப் போட முடிந்தது. 'பேவுல்ஃப்' காவியத்தின் 3182 வரிகளும் மோனையால் கட்டப்பட்டவை. பிறகு ஸ்காண்டிநேவியர் வந்தார்கள். 'அவர்கள்' என்பதற்கான 'தே' என்ற சொல்லே அவர்கள் கொடுத்ததுதான். ஒரே நிலத்தில் கலந்து வாழ நேர்ந்தவர்களின் பேச்சு அப்படித்தான் ஆகும்.

1066இல் நார்மானியர் வென்றார்கள். அதன்பின் நெடுங்காலம் அரசவையில் பிரெஞ்சு, மடத்திலும் படிப்பிலும் லத்தீன், வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம். 1362இல் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது; அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது. மேல்தட்டு மெல்ல ஆங்கிலத்துக்குத் திரும்பியபோது தன் சொற்களையும் கூடவே கொண்டுவந்தது. இன்று 'ஆஸ்க்' வீட்டுச் சொல். பிரெஞ்சு வழி வந்த 'க்வெஸ்சன்' சற்று விறைப்பானது. லத்தீனிலிருந்து வந்த 'இன்டராகே'ட்டில் போலீஸ் ஸ்டேஷன் வாடை. அகராதியின் செழுமை என்று நாம் வியப்பது ஓர் அதிகாரப் படிக்கட்டு.

அதை இடிக்க முயன்றவர்கள் அங்கும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜின் கிரேக்கப் பேராசிரியர் ஜான் சீக், மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்க்கையில் 'லூனடிக்' வேண்டாமென்று 'மூன்ட்' என்று எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்ஸ், குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டிக்குப் 'புஷ்-வெய்ன்லிங்' என்று பெயர் கட்டினார். இரண்டும் நிலைக்கவில்லை. ஆனால் பார்ன்ஸ் தன் டார்செட் வட்டார வழக்கில் எழுதிய கவிதைகள் நிலைத்தன. 1908இல் தாமஸ் ஹார்டியே அவற்றிலிருந்து ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். சொல் கட்டியபோது பார்ன்ஸ் வேரைப் பார்த்தார். கவிதை எழுதியபோது மனிதர்கள் பேசுவதைக் கேட்டார்.

ஷேக்ஸ்பியர் செய்தது வேறு. 'மக்பெத்' இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. கொலை முடிந்து ரத்தக் கையைப் பார்க்கிறான் மக்பெத். அந்தக் கையால் கடலே சிவக்கும் என்பதை லத்தீன் வழி வந்த நீண்ட, கம்பீரமான சொற்களில் சொல்கிறான். அடுத்த வரியிலேயே அதையே குட்டையான நாட்டுச் சொற்களில் மறுபடி சொல்கிறான். முதல் வரியில் பேசுவது பிரபு. இரண்டாவதில் கொலை செய்துவிட்டு நிற்கும் மனிதன். படிக்கட்டை ஷேக்ஸ்பியர் இடிக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. ஒருவனை அதில் இறங்க வைத்தார்.

நம்மிடமும் படிகள் உண்டு: கேள், வினவு, விசாரி. மூன்றாவதை வடமொழி என்று தள்ளுகிறவர், அதில் ஒட்டியிருக்கும் தாசில்தாரையும் ஏட்டையாவையும் சேர்த்துத் தொலைத்துவிடுகிறார். எல்லாம் செல்வம்தான் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறவருக்கோ அவர்கள் இருப்பதே தெரியவில்லை. முன்னவருடன் நாம் 1916இலிருந்து வாதாடிக்கொண்டிருக்கிறோம். பின்னவரின் கவிதைகளை நம் பத்திரிகைகளிலேயே அச்சிடுகிறோம். வேர் எது என்று கேட்பதைவிட, இந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்வார்கள் என்று கேட்பதே விமர்சனத்தின் வேலை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கவிதை, தூய தமிழில் இருந்தாலும் கலப்புத் தமிழில் இருந்தாலும், யாருடைய பேச்சும் அல்ல.