படுகையில் தேன்சிட்டு: பார்க்கவும் படமெடுக்கவும்

கொல்லைச் செம்பருத்தியில் தேன்சிட்டைப் பார்த்ததும் ‘எங்க வீட்டு ஹம்மிங்பேர்டு’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் உண்டு. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. அங்கே அதில் 350 இனங்களுக்கு மேல். நம் தேன்சிட்டு வேறு குடும்பம். தேன் குடிக்கும் தொழில்தான் ஒன்று. ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்றே குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் எதையாவது பற்றிக்கொண்டு உட்கார்ந்துதான் குடிக்கும்.

படமெடுப்பவருக்கு இது பெரிய சௌகரியம். டூபான்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபர்ட் கிரீன்வால்ட், ஹம்மிங்பேர்டின் இறக்கையை அசையாமல் பிடிக்க அதிவேக ஃபிளாஷ் கருவிகளோடு அலைந்து, 1960இல் ஒரு புத்தகமே போட்டார். நமக்கு அவ்வளவு கருவி வேண்டாம். எந்தப் பூவில் இன்று தேன் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

எங்கே நிற்பது?

கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் இடையே, காவிரியையும் குடமுருட்டியையும் ஒட்டிய ஊர் திருக்காட்டுப்பள்ளி. இங்கே வயலில் நெல் என்றால் ஆற்றுப் படுகையில் வாழை. தேன்சிட்டுக்குச் சாப்பாட்டுக் கடை அந்த வாழைத் தோப்புதான்.

குலை தள்ளிய மரத்தின் பூவைக் கவனியுங்கள். கருஞ்சிவப்பு மடல் ஒன்று விலகி மேலே சுருண்டிருக்கும். அதன் அடியில் ஒரு வரிசைப் பூ, அன்றைக்குப் புதிதாகத் திறந்தது. தேன் அதில்தான். முந்தைய நாள் பூக்கள் வாடித் தொங்கும். குருவி அதைச் சீண்டாது. ஆகவே குருவியைத் துரத்தாமல், புது மடல் விரிந்த பூவாகப் பார்த்து ஏழெட்டு அடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். ஒருமுறை வந்த குருவி, தேன் தீரும்வரை திரும்பத் திரும்ப வரும்.

முதலில் ‘ட்ஸிட், ட்ஸிட்’ என்று சத்தம் கேட்கும். தாருக்கு முட்டுக் கொடுத்த கழியில் ஒரு நொடி உட்காரும். அடுத்து மடலின் விளிம்பைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கும். வளைந்த அலகு ஒரு பூவுக்குள் போய் வெளியே வரும், பக்கத்துப் பூவுக்குள் போகும். வரிசையை விட்டுவைக்காமல் ஒவ்வொன்றாக முடிக்கும். இடையில் அணில் வந்தால் இது விலகிக்கொள்ளும். இன்னொரு ஆண் தேன்சிட்டு வந்தால் தேனை விட்டுவிட்டுத் துரத்தப் போய்விடும்.

இவ்வளவு குடித்தும் வாழைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. நாம் பயிரிடும் வாழை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பது; அதனால்தான் பழத்தில் விதை இல்லை. மாமரத்துப் புல்லுருவியின் கதை வேறு. அதன் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ சுமப்பது தேன்சிட்டுதான்.

எது எது?

மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். மஞ்சள் வயிறு, அரக்கு முதுகு, உச்சந்தலையில் பச்சைப் பளபளப்பு என்றால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண். உடம்பு முழுக்கக் கறுப்பாகத் தெரிந்து, வெயிலில் ஊதாவாகவும் நீலமாகவும் மின்னினால் ஊதாத் தேன்சிட்டு. அதே கறுப்பில் அலகு மட்டும் இன்னும் நீண்டு, நன்றாக வளைந்து, மார்பில் அரக்குப் பட்டை இருந்தால் லோட்டன் தேன்சிட்டு. 1750களில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அது.

ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பகட்டைக் களைந்து பெண்ணைப் போல மங்கிவிடும். தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றவர் பாதி நிபுணர்.

வெளிச்சம்

அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் கறுப்புதான். எனவே காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். குருவி உங்கள் பக்கம் தொண்டையைத் திருப்பும் கணத்துக்காகத் தொடர்ந்து பல படங்கள் எடுங்கள்.

உட்கார்ந்து குடிக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடி போதும். சில சமயம் பூவின் முன் சிறகடித்து நிற்கும்; அதற்கு 1/2500 வேண்டும். ஃபோகஸ் கண்ணில் விழ வேண்டும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் குருவி வெறும் நிழலாகிவிடும். தோப்பின் இருட்டே பின்னணியாக அமையும்படி இரண்டடி நகர்ந்து நிற்பது அதைவிட நல்லது.

கையில் போன் மட்டுமா? வீட்டு இட்லிப்பூச் செடியருகே போனை ஸ்டாண்டில் பொருத்தி, வீடியோவை ஓடவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

கொல்லைக்கு அழைப்பது

அமெரிக்காவில் ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து புட்டியில் தொங்கவிடுகிறார்கள். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். செம்பருத்தி, இட்லிப்பூ, கல்யாண முருங்கை வைத்தால் போதும். செம்பருத்தியில் சில சமயம் திருட்டும் நடக்கும்: வாய் வழியாக நுழையாமல் பூவின் அடியில் துளை போட்டு உறிஞ்சும். செடிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தால், நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பதையும் பார்க்கலாம்.

சிலந்தி நூலால் நாரையும் பட்டைத் துணுக்கையும் ஒட்டிக் கட்டிய பை போன்ற கூடு, துணிக்கொடியில்கூடத் தொங்கும். அதன் பக்கம் மட்டும் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். மறைக்கும் இலையைக் கிள்ளினால் காக்கைக்கு வழிகாட்டியதாகிவிடும்.

கடைசியாக ஒன்று. தாரில் கடைசிச் சீப்பு பிஞ்சு விட்டதும் விவசாயிகள் பூவை ஒடித்துவிடுவார்கள். காய் திரள அது அவசியம். அதனால் தோப்புக்குள் நுழைய அனுமதி கேட்கும்போதே, எந்தத் தாரில் பூவை எப்போது ஒடிக்கப் போகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். அதற்கு முந்தைய காலைகள்தான் உங்களுடையவை.