ஒட்டுத் தெரியாத ஒட்டு

அலைச்சறுக்குப் பலகையில் விழும் சின்னக் காயத்துக்கு ‘டிங்’ என்று பெயர். பாறையில் உரசியிருக்கும், இன்னொரு பலகையின் மூக்கு இடித்திருக்கும், வண்டி மேல் ஏற்றிக் கட்டும்போது கம்பி பட்டிருக்கும். ஒரு ரூபாய்க் காசளவுகூட இருக்காது. நடுவில் லேசான பள்ளம், சுற்றிலும் நாலைந்து விரிசல். மேசையாக இருந்தால் மேலே ஒரு புத்தகத்தை வைத்து மறைத்துவிட்டுப் போகலாம். பலகையில் அந்தச் சலுகை கிடையாது. அதன் மேலோடு ரெசினில் ஊறி இறுகிய கண்ணாடி இழைத் துணி. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாது. அதற்குக் கீழே நுரை. மயிரளவு வழி கிடைத்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும்.

வந்துவிட்டதா என்று பார்க்கும் முறையே அழகு: காயத்தில் வாயை வைத்து உறிஞ்சுவார்கள். நாக்கு கரித்தால் உள்ளே நீர் இருக்கிறது. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, காயம் தரையைப் பார்க்கும்படி சாய்த்து, நிழலில் நாள்கணக்காக உலரவிட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், வெயில் சூட்டில் அது மேலோட்டை நுரையிலிருந்து கிளப்பிவிடும். வீட்டில் செய்யும் ரிப்பேர் கெடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலையேறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் கட்டிய கைகள் ரெசினும் ஹார்டனரும் கலக்கப் பழகின. படகுக்கு வாங்கும் பாலியெஸ்டர் ரெசின் பாலியூரித்தேன் நுரைப் பலகைக்கும் ஒத்துக்கொள்ளும். எபாக்ஸி பலகைக்குள் இருப்பதோ பெரும்பாலும் நாம் தெர்மகோல் என்று சொல்லும் நுரை. பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். அங்கே எபாக்ஸி ரெசின் மட்டும்தான்.

முன்வேலைகளில் ரசிக்க அதிகமில்லை. மெழுகைச் சுரண்டித் துடைப்பது, தளர்ந்த சில்லுகளைக் கத்தியால் வெட்டி எடுப்பது, சுற்றிலும் 80 எண் உப்புத்தாளால் பளபளப்பைப் போக்குவது. பள்ளத்தை நிரப்ப ரெசினில் நுண்ணிய வெற்றுக் கண்ணாடி உருண்டைகளாலான மாவைக் குழைப்பார்கள். வெறும் ரெசினை ஊற்றினால் அந்த இடம் கனத்துப்போகும். இந்தக் குழைவு லேசானது, தேய்க்கவும் இணங்கும். முகமூடி இல்லாமல் எதையும் தேய்க்கக் கூடாது. கண்ணாடித் தூளின் சுணை முழங்கையில் ஏறினால் அன்றைய தூக்கம் போச்சு.

இனித்தான் விருந்து. சதுர மீட்டருக்கு 135 கிராம் எடையுள்ள கண்ணாடித் துணியை வட்டமாக வெட்டிக் காயத்தின் மேல் வைக்கிறோம். வெள்ளை வெளேரென்று நெசவு தெரிகிறது. கண்ணாடிக்கு ஏது வெள்ளை நிறம்? ஒவ்வொரு இழையும் காற்றைச் சந்திக்கும் இடத்தில் ஒளி சிதறுவதால் வரும் வெள்ளை அது. ரெசினை ஊற்றி, பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தள்ளுங்கள். அட்டை போன வழியில் துணி மறைந்துகொண்டே வரும். இழைக் கண்ணாடிக்கும் இறுகிய ரெசினுக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ ஒன்றுதான், 1.55 அளவில். இரண்டுக்கும் இடையே எல்லை இருப்பதே ஒளிக்குத் தெரிவதில்லை. எங்காவது ஊசிமுனையளவு வெள்ளை எஞ்சினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது; அட்டையின் மூலையால் ஒரு தட்டு, அதுவும் போய்விடும். ஒரு பொருள் வலுவேறுவதும் கண்ணுக்கு மறைவதும் ஒரே அசைவில் நடப்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்க வேறு வேலையில் வாய்ப்பதில்லை.

அடுத்த நயம் இன்னும் நுட்பமானது. முதல் பூச்சு இறுகிய பிறகும் அதன் மேற்பரப்பு பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பாலியெஸ்டர் ரெசினின் மேல்தோலை முழுதாக இறுக விடாது. இது குறையல்ல, வேண்டித்தான் விடுகிறார்கள்: அந்தப் பிசுபிசுப்பில்தான் இரண்டாம் பூச்சு ஒட்டும். இரண்டாம் பூச்சில் மட்டும் துளி பாரஃபின் மெழுகு கலந்திருக்கும். ரெசின் இறுக இறுக மெழுகு தானாக மேலே மிதந்து வந்து, மெல்லிய ஏடாகப் படிந்து, காற்றுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. பிசுபிசுப்பு நின்றுவிடுகிறது, இனி உப்புத்தாள் அடைக்காமல் ஓடும். பாலில் ஏடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெயில் பட்டதும் இறுகும் ரெசினும் கிடைக்கிறது. பூசி, மேலே தெளிந்த பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி வெயிலில் காட்டினால், சில நிமிடத்தில் கண்ணாடி போன்ற பரப்பு வந்துவிடும். உபயோகமானதுதான். ருசி குறைவு.

தேய்ப்பதில் ஒரு பென்சில் தந்திரம் உண்டு. ஒட்டின் மேல் பென்சிலால் கன்னாபின்னாவென்று கிறுக்கிவிட்டு, சட்டத்தில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால், மேட்டில் கிறுக்கல் அழியும், பள்ளத்தில் நிற்கும். எங்கே தேய்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பலகையே எழுதிக் காட்டுகிறது. 80-இல் கரகரக்கும் ஓசை 220-இல் இழைந்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 400, 600-இல் வெறும் சலசலப்பாகிவிடும். மறைந்த துணியின் நெசவு திடீரென்று மீண்டும் தலைகாட்டினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். பூச்சைத் தாண்டித் துணியையே அறுக்கத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

முடிந்ததா என்று கண்ணைக் கேட்கக் கூடாது. ஈரமான பளபளப்பு எந்த மேட்டையும் மறைக்கும். கண்ணை மூடிக்கொண்டு, பழைய ஓட்டிலிருந்து ஒட்டு வழியாக மறுபடி ஓட்டுக்கு விரலை இழுக்க வேண்டும். கார் டிங்கரிங் பட்டறையில் கதவைத் தடவிப் பார்க்கும் மேஸ்திரிகளுக்கு இது பழக்கம். ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், வெறும் 13 நானோமீட்டர் உயர மடிப்புகளைக்கூட வழவழப்பான பரப்பிலிருந்து விரல் பிரித்தறிந்தது. அந்த விரலையே ஏமாற்றும் ஒட்டு என்றால் சும்மாவா?

ஒரே ஒரு இடத்தில் வழவழப்பு ஆகாது. பலகையின் வால்பக்க அடி ஓரம் கூராக இருக்க வேண்டும். நீர் அங்கே சட்டென்று அறுந்து விடுபட்டால்தான் பலகை வேகம் பிடிக்கும். உருண்டு மழுங்கினால் நீர் அதைப் பற்றிக்கொண்டு மேலே சுற்றி வந்து இழுக்கும். ஆகவே அங்கே மாஸ்கிங் டேப்பை ஓரத்துக்கு மேலே துருத்தும்படி ஒட்டி வரப்பு கட்டி, ரெசினை நிறைய நிற்கவிட்டு, இறுகிய பின் இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்த்துக் கூர்மையை மீட்பார்கள். ஓரம் தவிர மற்ற சின்ன டிங்கெல்லாம் மொட்டைமாடி நிழலிலேயே முடிந்துவிடும். வால் ஓரத்துக்கு மட்டும் கை பழகும்வரை தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.