கேடயமும் கிண்ணமும்

ஐரோப்பியப் பிரபுக்கள் கேடயச் சின்னம் தரிக்கும் வழக்கத்தைச் சிலுவை யுத்தங்களின்போது முஸ்லிம்களிடமே கற்றார்கள் என்று நமது மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க இதமான கூற்றுத்தான். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

1066இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பாயோ துணிச் சித்திரத்தில் கேடயங்களில் உருவங்கள் உண்டு. ஆயினும் தான் சாகவில்லை என்று படையினருக்குக் காட்ட, வில்லியம் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. கேடயம் ஆளை அடையாளம் சொல்லும் காலம் அப்போது வரவில்லை. 1151இல் இறந்த ஆஞ்சு பிரபு ஜெஃப்ரியின் நினைவுத் தகட்டில் நீலக் கேடயத்தில் பொற்சிங்கங்கள் இருக்கின்றன. 1226இல் இறந்த அவரது பேரன் வில்லியமின் கல்லறையிலும், சாலிஸ்பரியில், அதே சிங்கங்கள். சின்னம் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. முகத்தை மூடிய கவசமும், போர்விளையாட்டுகளும், ஆவணங்களில் பதித்த முத்திரைகளும் இதற்குத் துணை நின்றன. எகிப்தில் மம்லூக்குகள் ஆட்சிக்கு வந்ததோ 1250இல்!

சொற்களைக் கொண்டு வாதிடுவோரும் உளர். நீலத்தைக் குறிக்கும் 'அஸூர்' பாரசீக 'லாஜவர்த்' வழி வந்தது, அது சரி. சிவப்பைக் குறிக்கும் 'கூல்ஸ்' பாரசீகத்து 'குல்', அதாவது ரோஜா, என்பது ஒலி ஒப்புமையில் எழுந்த ஊகம். தொண்டையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லே அதன் மூலம் என்பர் மொழிநூலார்.

இந்த வீண் பெருமையில் நாம் தவறவிடுவது மம்லூக் சின்னங்களின் தனித்தன்மையை. எல். ஏ. மேயர் 1933இல் வெளியிட்ட நூல் அவற்றைத் திரட்டித் தந்தது. 'ரன்க்' எனப்பட்ட அச்சின்னங்களுள் ஸுல்தான் பைபர்ஸின் சிங்கத்தையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கோ அமீர்களின் சின்னங்களே முக்கியமாகப் படுகின்றன. பானம் பரிமாறிய 'ஸாகீ'க்குக் கிண்ணம். ஸுல்தானின் மைக்கூட்டைச் சுமந்த 'தவாதாரு'க்கு எழுதுகோற்பெட்டி. ஆடைகளைக் காத்த 'ஜம்தாரு'க்குத் துணித்துண்டு. சிறுவயதில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் இவர்கள். சொல்லிக்கொள்ளத் தந்தைவழிக் குலம் இல்லை. செய்த பணியே சின்னமாயிற்று. தந்தையின் சின்னத்தை மகன் தரித்த உதாரணங்களும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஒரே வட்டத்துக்குள் கிண்ணம், பெட்டி, துணி என்று பலவற்றைத் திணித்துவிட்டார்கள். யார் என்ன பணி செய்தார் என்ற தெளிவு அதில் போய்விட்டது.

எழுதுகோற்பெட்டியைத் தன் பெருமையாகப் பொறித்துக்கொண்ட ஒரு படைத்தளபதியைப் பற்றி நம்மவர் ஒரு கவிதையாவது எழுதியிருக்கலாம். வாளும் சிங்கமும் பாடி அலுத்துவிட்டன.

அமீர் கித்புகா 1294இல் ஸுல்தானாகி 1296இல் பதவி இழந்தவர். அமீராக இருந்தபோது அவருக்காகச் செய்யப்பட்ட பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியின் கழுத்து கெய்ரோ அருங்காட்சியகத்திலும், அடிப்பகுதி அமெரிக்காவின் பால்டிமோரிலும் இருக்கின்றன. ஸுல்தானாகப் போகிறவரின் அந்தத் தாங்கியில் உள்ள சின்னம், பரிமாறுபவனின் கிண்ணம்.